வாளில் கண்ணுக்குத் தெரியாத பாதி

நண்பர் ஒருவர் சுற்றுலா போன இடத்தில் ஒரு வாள் வாங்கி வந்தார். கண்ணாடி போல் மின்னும் அலகு, பிடியில் சிங்க முகம், ‘கையால் அடித்துச் செய்தது, போருக்கே ஏற்றது’ என்று அட்டையில் பொன்னெழுத்து. வீட்டுக் கொல்லையில் குலை வெட்டி முடித்த வாழை மரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது வீச்சில் பிடி மட்டும் அவர் கையில் நின்றது. அலகு சுழன்றுகொண்டே போய்க் கிணற்றடியில் விழுந்தது. நல்ல வேளையாக அந்த நேரத்தில் அங்கே யாரும் துணி துவைத்துக்கொண்டிருக்கவில்லை. பிறகு பிடியைப் பிளந்து பார்த்தோம். இரண்டு விரல் அகலமுள்ள அந்த அலகை, பென்சில் பருமனில் ஒரு மரை போட்ட கம்பிதான் தாங்கிக்கொண்டிருந்தது. அதையும் அலகின் அடியில் ஒரு பொட்டு வைத்தாற்போல் பற்றவைத்திருந்தார்கள்.

வாங்கும்போது அவர் பார்த்தது பளபளப்பையும் கூர்மையையும் வேலைப்பாட்டையும். வாளின் ஆயுளை முடிவு செய்யும் இரண்டு விஷயங்களை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ஒன்று, எஃகு எப்படிச் சூடேற்றிக் குளிர்விக்கப்பட்டது என்பது. மற்றொன்று, பிடிக்குள் என்ன இருக்கிறது என்பது. வாள் பற்றிய பேச்சில் இவை இரண்டும் அதிகம் வராது. எஃகின் பெயரும் ‘ஆயிரம் மடிப்பு’ கதைகளும்தான் வரும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

‘கையால் செய்தது’ என்றால் என்ன?

இன்று கைவினை வாள் என்ற பெயரில் விற்பவை வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. சீனாவின் செஜியாங் மாகாணத்திலுள்ள லோங்சுவான் நகரம் ஜப்பானிய பாணிக் கட்டானா வாள்களை உலகமெங்கும் அனுப்புகிறது. டேராடூனில் ஐரோப்பிய பாணி வாள்கள் உருவாகின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனிப் பட்டறை வைத்து ஆண்டுக்குச் சில வாள்கள் மட்டும் செய்யும் கொல்லர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் சட்டமே கெடுபிடியானது. உரிமம் பெற்ற கொல்லரிடம் குறைந்தது 5 ஆண்டுகள் பயின்று, அரசு நடத்தும் தேர்விலும் தேறியவர்தான் வாள் அடிக்கலாம்; அவரும் மாதத்துக்கு 2 நீள வாள்களுக்கு மேல் செய்யக் கூடாது.

இவர்களில் பெரும்பாலோர் இயந்திரச் சம்மட்டியையும் மின்சாரச் சாணையையும் பயன்படுத்துகிறார்கள். சிலர் எஃகைச் சூடேற்றி அடித்து வடிவம் கொடுக்கிறார்கள். சிலர் எஃகுப் பட்டையை வெட்டித் தேய்த்தே வாளாக்குகிறார்கள். இன்று ஆலையிலிருந்து வரும் எஃகு சீரானது என்பதால் இரண்டு வழியிலும் நல்ல வாள் செய்யலாம், கெட்ட வாளும் செய்யலாம். ஆட்டுக்கல்லில் அரைத்தாலும் கிரைண்டரில் அரைத்தாலும், அரிசி ஊறிய பக்குவமும் மாவு புளித்த பக்குவமும் சரியில்லை என்றால் இட்லி கல்லாகத்தான் வரும்.

‘கையால் செய்தது’ என்ற சொல்லுக்கு வணிக மதிப்பு கூடச் சட்டமும் ஒரு காரணம் என்பது வேடிக்கை. பிரிட்டனில் 2008இல் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களின் விற்பனையைத் தடை செய்தபோது, மரபு முறையில் கையால் செய்தவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். அதன்பின் அட்டையில் ‘கையால்’ என்று அச்சடிக்க யாருக்குத்தான் ஆசை வராது? ‘போருக்கு ஏற்றது’ என்ற சொல்லுக்கோ எந்த அளவுகோலும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

கடினம் வேறு, தாங்கும் திறன் வேறு

‘நல்ல உறுதியான வாள்’ என்று சொல்லும்போது நாம் மூன்று குணங்களை ஒரே சொல்லில் குழப்பிவிடுகிறோம்.

பள்ளிக்கூடச் சிலேட்டை நினைத்துப் பாருங்கள். அதில் எளிதில் பள்ளம் விழாது, ஆனால் கீழே போட்டால் உடைந்துவிடும். பள்ளமோ கீறலோ விழாமல் எதிர்க்கும் குணம் கடினத்தன்மை. அடியின் வேகத்தை உடையாமல் உள்வாங்கிக்கொள்ளும் குணத்தைத் தாங்குதிறன் என்று வைத்துக்கொள்வோம். சிலேட்டுக்கு அது மிகக் குறைவு. கட்டுக்கம்பிக்குத் தாங்குதிறன் உண்டு, வளைத்தால் உடையாது, ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். பிரம்பு வளைந்து மறுபடி நேராகும். அதுதான் மீள்தன்மை.

வாளுக்கு மூன்றும் வேண்டும். கூர் மழுங்காதிருக்கக் கடினம் வேண்டும், எதையாவது மோதினால் ஒடியாதிருக்கத் தாங்குதிறன் வேண்டும், கோணலாக வெட்டிவிட்டால் நேராவதற்கு மீள்தன்மை வேண்டும். சிக்கல் என்னவென்றால், கடினத்தை ஏற்றினால் தாங்குதிறன் பெரும்பாலும் இறங்கும். வாள் செய்வது முழுக்க முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் பிடிக்கிற வேலை.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. ‘இந்த வாள் எவ்வளவு அழகாக வளைகிறது பாருங்கள்’ என்று கடைக்காரர் நுனியைப் பிடித்து லேசாக வளைத்துக் காட்டுவார். ஆனால் சிறிய வளைவுக்கு எல்லா எஃகும் ஏறத்தாழ ஒரே விறைப்பைத்தான் காட்டும். ஒரே அளவில் இரண்டு அலகுகளைச் செய்து ஒன்றை மட்டும் கடினமாக்கினாலும், இரண்டையும் லேசாக வளைக்கத் தேவையான விசை ஒன்றுதான். விறைப்பைத் தீர்மானிப்பது தடிமன். தடிமன் இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும். சூடேற்றிக் குளிர்வித்த பக்குவம் வெளிப்படுவது வேறு இடத்தில்: எவ்வளவு தூரம் வளைத்தபின்பும் அலகு பழைய நேருக்குத் திரும்புகிறது என்பதில். கடையில் அந்த அளவுக்கு யாரும் வளைத்துக் காட்ட மாட்டார்கள்.

ஆக, வளைவது நல்ல வாளுக்கு அடையாளம் ஆகாது. வளைந்து திரும்புவதுதான் அடையாளம், அதுவும் நன்றாக வளைந்தபின்.

எஃகும் கரியும்

இரும்பில் சிறிதளவு கரி, அதாவது கார்பன், சேர்ந்தால் எஃகு. குழம்பில் உப்பைப் போல அளவு சிறிது, விளைவு பெரிது. கம்பி வேலி, ஜன்னல் கம்பி போன்ற மெல்லிரும்பில் கரி 0.25 விழுக்காட்டுக்குள் இருக்கும். அதை எவ்வளவு சூடேற்றி நீரில் தோய்த்தாலும் வாளுக்குப் போதிய கடினம் வராது. வாளுக்குப் பொதுவாக 0.5 முதல் 0.8 விழுக்காடு வரை வேண்டும். 2 விழுக்காட்டைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு, தோசைக்கல்லுக்கு ஆகும்.

விற்பனைப் பக்கங்களில் வரும் 1045, 1060, 1095 என்ற எண்களைக் கண்டு மிரள வேண்டாம். கடைசி இரண்டு இலக்கங்கள்தான் கரியின் அளவு: 1060 என்றால் 0.60 விழுக்காடு, 1095 என்றால் 0.95. எண் பெரிதானால் வாள் சிறந்தது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. 1095இல் கூர் நன்றாக நிற்கும், ஆனால் செய்பவர் கொஞ்சம் கவனம் பிசகினாலும் அலகு நொறுங்கும் பக்குவத்துக்குப் போய்விடும். 5160 என்பது சிறிது குரோமியம் கலந்த ஸ்பிரிங் எஃகு. லாரியின் கமான் பட்டைக்கு இந்த வகை எஃகுதான் போகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய கமான் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பதன் காரணம் இதுவே. நல்ல தேர்வுதான், ஆனால் பல லட்சம் கிலோமீட்டர் குலுங்கி ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கக்கூடும். புதுப் பட்டையில் செய்ததா என்று கேட்பதில் தவறில்லை.

துருப்பிடிக்காத எஃகு என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கும். சமையலறைக் கத்திக்கு அருமையானது. வாளின் நீளத்துக்கு வரும்போது பெரும்பாலான வகைகள் அடியைத் தாங்காமல் ஒடிகின்றன. சுவரில் மாட்ட ஸ்டெயின்லெஸ் வாள் போதும், வீசுவதற்கு வேண்டாம்.

தோய்ச்சலும் பதமும்

வாளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எஃகை நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ குளிர்விப்பதைத் தோய்ச்சல் என்பார்கள்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நெரிசலான பஸ் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். இரும்பின் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கும் பயணிகள். கரியின் அணுக்கள் அவர்களுக்கிடையே புகுந்துவிடும் சிறு பிள்ளைகள். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரும்பு அணுக்கள் நிற்கும் விதம் மாறி, பிள்ளைகள் நிற்க இடம் கிடைக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் பயணிகள் பழைய வரிசைக்குத் திரும்புவார்கள். பிள்ளைகளும் நிதானமாக வெளியேறித் தனியாகக் கூடி நிற்பார்கள். அப்போது கிடைப்பது மிருதுவான எஃகு. சட்டென்று குளிர்வித்தாலோ பிள்ளைகள் வெளியேற நேரமில்லாமல் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். வரிசை கோணி, நெருக்கி, யாரும் யாரையும் தாண்டி நகர முடியாத நிலை. உலோகம் வளைவதென்பது அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுதான். வழுக்க முடியாவிட்டால் அது கடினமாகிவிட்டது என்று பொருள். இப்படிக் கரி சிறைப்பட்ட எஃகின் அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர்.

தோய்த்த கையோடு அந்த அலகைக் கீழே போட்டால் கண்ணாடி போல் உடையலாம். தோய்க்கும்போதே ‘டிங்’ என்று ஓர் ஓசை கேட்டால் விரிசல் விட்டுவிட்டது என்று கொல்லருக்குத் தெரியும். பல நாள் உழைப்பு அந்த ஓர் ஒலியோடு போயிற்று. தப்பிப் பிழைத்த அலகை மறுபடி இளஞ்சூட்டில் வாட்டுகிறார்கள். மாட்டிக்கொண்ட கரி அணுக்களில் சில அசைந்து வெளியேற, இறுக்கம் தளர்கிறது. கொஞ்சம் கடினத்தைக் கொடுத்து நிறையத் தாங்குதிறனை வாங்கிக்கொள்ளும் இந்த வேலையைப் பதப்படுத்தல் என்று சொல்லலாம். வெல்லப் பாகில் ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் அதிரசம் கெடுவதைப் போல, இங்கே சில பத்து டிகிரிகள் வாளின் குணத்தை மாற்றிவிடும். தேய்த்துச் சுத்தமாக்கிய எஃகில் அந்தச் சூடு நிறமாகத் தெரியும்: 220 டிகிரியையொட்டி வைக்கோல் மஞ்சள், 260இல் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். வாளுக்குப் பெரும்பாலும் ஊதாவையும் நீலத்தையும் ஒட்டிய சூடோ அதற்கு மேலோ தேவைப்படும்.

கடினத்தை அளக்க ராக்வெல் என்றோர் அளவு உண்டு. சிறு வைரக் கூம்பை அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். அரம் 60க்கு மேல் இருக்கும், நல்ல சமையலறைக் கத்தி 56இலிருந்து 62 வரை. முழுவதும் ஒரே சீராகக் கடினமாக்கிய வாள் பொதுவாக 48க்கும் 55க்கும் இடையில் இருக்க வேண்டும். ‘எங்கள் வாள் 60’ என்று பெருமையடிக்கும் விளம்பரத்தைப் பார்த்தால், அந்த 60 அலகின் எந்தப் பகுதிக்கு என்று கேளுங்கள். முழு அலகுக்கும் என்றால் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

கட்டானா வாளில் வழி வேறு. தோய்ப்பதற்கு முன் முதுகுப் பக்கம் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்ப் பக்கம் மெல்லியதாகவும் பூசுவார்கள். கூர் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து மிருதுவாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லை அலையலையாகத் தெரிவதை ஹாமோன் என்கிறார்கள். இப்படிச் செய்த வாள் கோணலாக வெட்டினால் வளைந்தபடியே நின்றுவிடலாம். அது குறைபாடு என்று நினைத்து ஸ்பிரிங் வாளோடு ஒப்பிடுகிறவர்கள் நிறைய. ஒடிவதைவிட வளைவது மேல் என்று அந்த மரபு தேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலிவான வாள்களில் ஹாமோனை அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ வரைந்துவிடுகிறார்கள். உண்மையான எல்லை வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது மங்கியும் தெளிந்தும் ஆழத்தோடு தெரியும். வரைந்தது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெள்ளையாக, ஒரே அச்சாக ஓடும்.

சுருக்கமாக: எஃகின் பெயர் அரிசி ரகத்தைப் போன்றது, தோய்ச்சலும் பதமும் சமையல். சுமாரான எஃகு நல்ல கையில் பட்டால் தேறிவிடும். உயர்ந்த எஃகைக் கெடுப்பது மிகவும் எளிது.

மடிப்பும் டமாஸ்கஸும்

ஜப்பானியக் கொல்லர்கள் எஃகை மடித்து மடித்து அடித்ததற்குக் காரணம் இருந்தது. டமஹகனே எனப்படும் அவர்களுடைய எஃகு இரும்பு மணலிலிருந்து வருவது. அதில் கரி ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும், நடுநடுவே கசடோடும் இருக்கும். மடித்து அடித்தால் கசடு வெளியேறும், கரி சமமாகப் பரவும். சப்பாத்தி மாவைப் பிசைவது போலத்தான். 15 முறை மடித்தால் 32,768 அடுக்குகள் ஆகிவிடும், அதற்குமேல் பிசைந்து பயனில்லை. ஆலையில் உருக்கி வார்த்த இன்றைய எஃகு ஏற்கெனவே பிசைந்த மாவு. அதை மடிப்பது அழகுக்காக மட்டுமே. மடிப்புக்கிடையே சரியாக ஒட்டாத இடம் ஒன்று தங்கிவிட்டால், அங்கிருந்தே வாள் பிளக்கும்.

டமாஸ்கஸ் என்ற சொல்லில் குழப்பம் இன்னும் அதிகம். பழைய டமாஸ்கஸ் வாள்களின் புகழுக்குக் காரணமான எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை எனப்படும் மூடிய மண்கலங்களில் உருக்கப்பட்டது. ஆங்கிலத்தில் வூட்ஸ் என்று வழங்கும் அதன் பெயரே கன்னடத்தின் ‘உக்கு’, தமிழின் ‘உருக்கு’ என்பவற்றிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அதில் கரி 1.5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். எஃகு ஆறும்போது உள்ளுக்குள்ளேயே உருவாகும் கோடுகள் அலகில் நீரோட்டம் போலத் தெரியும். இன்று டமாஸ்கஸ் என்று விற்பது வேறு பொருள்: இரண்டு வகை எஃகை அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் தோய்ப்பார்கள், நிக்கல் கலந்த அடுக்கு வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். அழகான வேலை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வரிகள் வாளின் தோய்ச்சலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பிடிக்குள்ளே

அலகின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் நுழையும் இரும்புப் பகுதியை வால் என்று குறிப்பிடுவோம். வீசி வெட்டும்போது அலகின் அதிர்ச்சி முழுவதும் இந்த வால் வழியாகத்தான் கைக்கு வருகிறது. வால் அலகோடு ஒரே எஃகாக, போதிய அகலத்தோடு இருக்க வேண்டும். பற்றவைத்த ஒட்டு கூடாது. பிடியின் கடைசியிலுள்ள தலைப்பகுதியில் இதை இரண்டு விதமாக முடிப்பார்கள். வாலின் நுனியை அடித்துப் பரப்பி இறுக்கினால் எளிதில் தளராது. மரை போட்டு நட்டால் இறுக்குவதும் தவறில்லை, கழற்றிச் சரிசெய்யலாம் என்ற வசதிகூட உண்டு. அந்த மரை வாலிலேயே வெட்டியதா, ஒட்டவைத்த கம்பியா என்பதுதான் கேள்வி.

வாள் அதிகம் ஒடியும் இடம் அலகும் வாலும் சேரும் மூலை. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இல்லாவிட்டால் பல்லால் கடிக்க வேண்டியிருக்கும். அது இருப்பதால் இழுத்த இழுப்பில் கிழிகிறது. கூரான உள்மூலை எங்கே இருந்தாலும் விசை அங்கே போய்க் குவியும். அறிந்த கொல்லர் அந்த மூலையை உருண்டையாக வளைத்து விடுவார். அவசரக்காரர் செங்கோணமாக வெட்டி விட்டுவிடுவார். பிடி போட்டபின் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். வட இந்தியத் தல்வார் வாளின் வால் குட்டையானது. இரும்புப் பிடிக்குள் அரக்கு போன்ற பிசினை ஊற்றி ஒட்டியிருப்பார்கள். படைகளில் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கிய வாள் அது. ஆகவே ‘நீளமான வால் இல்லாத வாளெல்லாம் போலி’ என்று முடிவு கட்டக் கூடாது. அந்தந்த மரபு எப்படிப் பொருத்தியதோ, அது ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் எடுத்தால்

முதலில் எடை. ஒருகை வாள் ஏறத்தாழ 1 கிலோ, இருகை வாள் 1.5 கிலோவை ஒட்டி. 3 கிலோ வாளைத் தூக்கிக் காட்டி ‘என்ன கனம்!’ என்று வியப்பவர் இரும்புப் பட்டை ஒன்றை வியந்துகொண்டிருக்கிறார். நல்ல அலகு பிடியருகில் 5, 6 மில்லிமீட்டர் தடிமனில் தொடங்கி, நுனியை நெருங்கும்போது பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ மெலியும். முழு நீளத்துக்கும் ஒரே தடிமன் என்றால் செய்தவர் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறார். அலகை ஒரு விரல்மேல் நிறுத்திப் பாருங்கள். வெட்டும் வாள்களில் சமநிலைப் புள்ளி பெரும்பாலும், பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் காப்பிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளி இருக்கும்.

பிறகு ட்யூப்லைட்டின் கீழே அலகைச் சாய்த்து, வெளிச்சக் கோடு அதன்மேல் ஓடுவதைப் பாருங்கள். கோடு நெளிந்தால் தேய்ப்பு சரியில்லை. துப்பாக்கியைக் குறிபார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகின் நேரைப் பாருங்கள். பிடியைப் பற்றி லேசாக உலுக்குங்கள். எங்கேயாவது ‘லொடக்’ என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காகிதத்தை வெட்டிக் காட்டுவது, தண்ணீர் பாட்டிலைச் சீவிக் காட்டுவது இவையெல்லாம் சாணை பிடித்தவரின் திறமைக்குச் சான்று. மெல்லிரும்புத் தகட்டைக் கூராக்கினாலும் பாட்டில் வெட்டுப்படும். தட்டினால் மணி போல் ஒலிப்பதும் அதிகம் சொல்லாது.

தோய்ச்சலைக் கண்ணால் காண முடியாது என்பதால், செய்தவரிடம் கேட்பதுதான் வழி. எஃகு எது, எதில் தோய்த்தீர்கள், எந்தச் சூட்டில் பதப்படுத்தினீர்கள், வாலின் படம் இருக்கிறதா, வளைத்துச் சோதித்தீர்களா? நேர்மையான கொல்லருக்கு இந்தப் பேச்சு பிடிக்கும், நிறுத்துவதுதான் சிரமம். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஹென்றி வில்கின்சன் வாள்களை இயந்திரத்தில் அடித்தும் வளைத்தும் சோதித்து, தேறியவற்றின் அலகில் சிறு வட்டத் தகடு ஒன்றைப் பதித்தார். வாங்குபவர் தானே சோதிக்க முடியாததை அந்தத் தகடு அவருக்குச் சொன்னது.

எவ்வளவு நாள் நிற்கும்?

எந்த எஃகும் அடிபட அடிபடக் களைக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று தொடங்கி, ஒவ்வொரு அடியிலும் இம்மி இம்மியாக நீண்டு, ஒரு நாள் முறியும். ஆகவே ‘உடையுமா’ என்பதோடு ‘எப்படி உடையும்’ என்றும் கேட்க வேண்டும். 1982இல் ரோம் நகரில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியில், முறிந்த வாள் முகமூடியைத் துளைத்ததால் ஒலிம்பிக் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதன் பிறகு அந்த விளையாட்டில் முகமூடிகளைப் பலமாக்கினார்கள். விரிசல் மெதுவாகப் பரவும் தனி எஃகில் அலகு செய்யும் விதிகளும் வந்தன. கைவினை வாளுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. கூரில் சில்லு பெயர்ந்தால் அது சிறு விரிசலின் தொடக்கமாக இருக்கலாம். அந்த இடத்தைத் தேய்த்து மழமழப்பாக்காமல் வீச வேண்டாம்.

மற்றது துரு. கரி எஃகு கைரேகையின் ஈரத்துக்கே துருப்பிடிக்கும். துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போடுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும், கடலோர ஊர்களில் இன்னும் மோசம். நெடுநாள் வைப்பதென்றால் உறைக்கு வெளியே வையுங்கள். வாலில் துருப்பிடித்தால் வெளியே தெரியாது.

கட்டானாவின் பிடியை வாலோடு சேர்த்து நிறுத்துவது பெரும்பாலும் ஒரே ஒரு மூங்கில் ஆணி. இரும்பில் போடாமல் மூங்கிலில் போட்டதற்குக் காரணம் அதன் நீள நார்கள்: பட்டென்று முறியாமல், நசுங்கி, நார் நாராகப் பிரிந்து, முன்கூட்டியே ஆட்டம் காட்டும். ஜப்பானியப் பயிற்சிக் கூடங்களில் வாளை எடுத்ததும் முதலில் தடவிப் பார்ப்பது அந்த ஆணியைத்தான்.